பேணுங் கை எங்கே?

முதியோரைப் பேணுதல் தமிழரின் பிறவிப் பண்பு என்று மேடைதோறும் முழங்குகின்றோம். மேலைநாட்டார் பெற்றோரை முதியோர் இல்லங்களில் தள்ளிவிடுகின்றனர் என்றும், நாமோ கண்ணை இமை காப்பதுபோற் காக்கின்றோம் என்றும் சொல்லிக் கைதட்டல் பெறுகின்றோம். இம் முழக்கத்தைச் சிறிது காலம் நிறுத்திவைப்பது நலம். தன் இனத்தைப் புகழ்வதிற் பிழையில்லை. அப் புகழுரை ஒரு கொடுமைக்குத் திரையாகத் தொங்குமானால், அத் திரையை நீக்கிப் பார்ப்பது தமிழன்பர்க்கே முதற்கடமை.

முதுமை வேறு, பிறர் கையை எதிர்நோக்கிக் கிடக்கும் முதுமை வேறு. தாமே நடந்து, தாமே உண்டு, தாமே குளிக்கும் வரையில் ஒரு முதியவர்க்கு வேண்டுவன மதிப்பும் பேச்சுத்துணையும் சிறிது பணமுமே. இவற்றை நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை இன்றும் கொடுக்கின்றன. ஒருபக்கம் கைகால் விழுந்தபின், இடுப்பெலும்பு முறிந்தபின், நினைவு கலங்கியபின் வருவது முற்றும் வேறொரு நிலை. அது பத்து நாளில் முடிவதன்று. ஐந்தாண்டும் பத்தாண்டும் நீள்வது. நெடுநாட் பேணுகை என்று யான் ஈண்டுக் குறிப்பது இதனையே.

இந்நிலையில் உள்ளோர் பெருகி வருகின்றனர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 அகவை கடந்தவர் நூற்றுக்கு 10.4 பேர். நடுவணரசின் மதிப்பீட்டுக் குழு 2031-இல் அவ்வெண் 18.2 ஆகும் என்று கணித்துள்ளது. இந்தியாவின் பெரிய மாநிலங்களுள் கேரளத்துக்கு அடுத்து முதியோர் மிகுந்தது நம்முடையது. மறுபுறம், 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் மக்கள் எண்ணிக்கை 1.4. ஐந்து மக்களைப் பெற்ற தாயை ஐவர் மாறிமாறிப் பார்த்த காலம் போயிற்று. இனி ஒருவனும் அவன் மனைவியுமாக நால்வரைப் பார்க்கவேண்டிய காலம். அவ்விருவரும் விடிந்தால் வேலைக்குப் போகின்றவர்கள்.

‘அன்பிருந்தால் எல்லாம் நடக்கும்’ என்பார்க்கு ஒன்று சொல்வேன். படுக்கையில் விழுந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும், இரவிலும் அப்படியே. தவறினால், பிட்டத்தின் மேலெலும்பிலும் இடுப்பின் பக்கங்களிலும் குதிகாலிலும் குருதியோட்டம் தடைப்பட்டுத் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினாலும் அச் சிவப்பு வெளுக்காது. அடுத்துத் தோல் உரியும். பின் தசை அழுகும். முடிவில் எலும்பு தெரியும். சிவந்த இடத்தில் அன்போடு எண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பவர் நம் வீடுகளில் எத்தனையோ பேர். அத் தேய்ப்பே அடியிலுள்ள மெல்லிய தசையைச் சிதைக்கும் என்று அவர்க்கு யாரும் சொல்லவில்லை. காற்றடைத்த வளையத்தை வாங்கி அடியில் வைப்பர். புண்ணுக்கு இடைவெளி கிடைக்கும் என்பது எண்ணம். வளையமோ சுற்றியுள்ள தசையை நெருக்கி வரும் குருதியையும் வரவொட்டாமல் தடுக்கும். இரண்டும் அன்பிற் செய்வன, இரண்டும் கேடு.

உணவூட்டுவதும் அவ்வாறே. விழுங்குந்திறன் குன்றியவரைப் படுக்கவைத்தபடியே கஞ்சி புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நுரையீரல் அழன்று காய்ச்சல் கண்டு உயிர்போகும். ‘வயதாகிவிட்டது, போய்விட்டார்’ என்று ஊர் சொல்லும். நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தச் செய்து, சிறுகச் சிறுக ஊட்டி, ஊட்டியபின் அரைமணி நேரமேனும் சாயவிடாதிருத்தல் வேண்டும். ஆளைத் தூக்குவதிலும் ஒரு முறையுண்டு. அடியிற் குறுக்கே விரித்த துணியை இருபுறமும் இருவர் பற்றி நகர்த்தினால் நோயர்க்கும் நோவில்லை, நகர்த்துவார்க்கும் முதுகு முறிவதில்லை. அக்குளிற் கைகொடுத்து இழுப்பதே நாம் அறிந்த ஒரே முறை.

நினைவு கலங்கியவர் நிலை இன்னும் அரிது. மாலையானால், என்றோ இறந்துபோன தம் தாயைத் தேடித் தெருவாயிலுக்கு ஓடுவார். ‘உங்கள் தாய் இறந்து நாற்பதாண்டு ஆயிற்றே’ என்று மெய்யுரைத்தால், ஒவ்வொரு மாலையும் அவர்க்கு அது புதுச்சாவு. தாயைப் பற்றியே அவரைப் பேசவைத்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துவரத் தெரிந்தவர் வேண்டும். இவ்வறிவு பிள்ளையாய்ப் பிறந்ததனாலோ மருமகளாய் வந்ததனாலோ தானே வந்துவிடுவதன்று. உழவும் நெசவும் போல இதுவும் ஒரு தொழில். கற்பிக்க வேண்டும், கற்றவர்க்குக் கூலி தரவேண்டும்.

இப்பொழுது இத்தொழிலைக் கூலியின்றிக் கல்லாமலே செய்பவர் யார்? பெண்கள். ‘மகன் பார்த்துக்கொள்கிறான்’ என்று ஊரார் சொல்லும்போது, பார்த்துக்கொள்வது மருமகள். அவள் இளையளும் அல்லள். ஐம்பதும் அறுபதும் ஆனவள், தனக்கே முட்டிநோவும் நீரிழிவும் உடையவள். என் வகுப்பில் நன்கு படித்துவந்த மாணவியொருத்தி, பத்தாம் வகுப்பின் நடுவே, கிழமைக்கு இரண்டு மூன்று நாள் வராதிருந்தாள். வினவியபோது, பாட்டி படுக்கையில் கிடப்பதாகவும், தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது என்றும், தாய்க்கு வேலையுள்ள நாட்களில் தான் இருந்து பார்த்துக்கொள்வதாகவும் கூறினாள். அவளுக்கு ஒரு தமையன் இருந்தான், மேல்வகுப்பிற் படித்தான். அவன் ஒருநாளும் பள்ளிக்கு வராதிருந்ததில்லை. அக்குடும்பத்தில் அன்புக்குக் குறைவென்று யான் சொல்லமாட்டேன். அப்பாட்டியின் பேணுகைக்குரிய விலையை அச்சிறுமியின் படிப்பு கொடுத்துக்கொண்டிருந்தது. வருகைப் பதிவேட்டில் அதற்குரிய கட்டம் எதுவும் இல்லை.

இவ்விலையைக் கொடுக்கவே இயலாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமற் சொல்லல் வேண்டும். தென் மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர்ப் பகுதியில், ‘தலைக்கூத்தல்’ என்னும் வழக்கம் இருந்துவந்ததை 2010-இல் செய்தியிதழ்கள் வெளிக்கொணர்ந்தன. மீளாப் படுக்கையிற் கிடக்கும் முதியவரைக் குடும்பத்தாரே முடித்துவைக்கும் வழக்கம் அது. கொலை கொலையே, அதற்கு வேறு பெயரில்லை. ஆயினும், செய்தவரெல்லாம் கல்நெஞ்சர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டு உறங்கப்போக என்னால் இயலவில்லை. அன்றாடம் கூலிக்குப் போயாக வேண்டிய வீடு, நாறும் படுக்கைப்புண், உதவிக்கு ஒருவரும் வராத ஊர், மாதம் மாதமாக நீளும் முனகல். இந்நான்கும் சேர்ந்த இடத்தில் எந்தப் பண்பாட்டுப் பெருமையும் காவல் நிற்கவில்லை. முழக்கத்தை நிறுத்திவைக்கச் சொன்னது இதனால்தான்.

இனி, அரசுகள் செய்தது என்ன? பிள்ளைகளை ஒறுக்கச் சட்டம் செய்தன. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பேணல், நலச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம், வழக்கறிஞர் வேண்டா, திங்களுக்குப் பத்தாயிரம் உருபாவுக்கு மேற்படாத தொகையைப் பிள்ளைகளிடமிருந்து பெறலாம். முதியவரைக் கைவிட்டவர்க்கு மூன்று திங்கள் வரை சிறையோ, ஐயாயிரம் உருபா வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. பார்த்துக்கொள்வதாகச் சொல்லி உடைமையை எழுதி வாங்கிக்கொண்டு பின்னர்க் கைவிட்டவரிடமிருந்து அதனை மீட்கவும் வழியுண்டு. இவ்வியல்கள் நல்லனவே, ஏமாற்றப்பட்ட எத்தனையோ முதியோர்க்குப் பயன்பட்டுள்ளன. ஆனால், பணமுள்ள கெட்ட மகனை மடக்கும் சட்டம், பணமில்லாத நல்ல மகனுக்கு என்ன செய்யும்? அதே சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 ஏழை முதியோர் தங்கத்தக்க இல்லம் பற்றியும் பேசுகின்றது. இலக்கணம் நடத்துகிறவன் என்பதால் அவ்வியலின் வினைமுற்றைக் கவனித்தேன். பிள்ளையை நோக்கும்போது சட்டம் ‘கொடுத்தாக வேண்டும்’ என்கின்றது. அரசை நோக்கும்போது ‘நிறுவலாம்’ என்கின்றது.

உதவித்தொகையைப் பொறுத்தமட்டில் தமிழ்நாடு முன்னோடியே. 1962-இல் திங்களுக்கு 20 உருபா என்று தொடங்கியது; 2023 ஆகத்தில் 1,200 உருபாவாக உயர்ந்தது. வேண்டிய தொகைதான்; போதாத தொகையும்கூட. எவ்வளவு உயர்த்தினாலும் பணத்தாள் யாரையும் புரட்டிப் படுக்கவைக்காது.

இச்சிக்கலை நமக்கு முன்னரே எதிர்கொண்டு, நம்மைப் போலவே ‘குடும்பமே பார்த்துக்கொள்ளும், அதுவே எங்கள் பண்பாடு’ என்று நெடுநாள் சொல்லிவந்த ஒரு நாடு உண்டு. அது சப்பான். மூத்தோர்க்குப் பணிதல், மூத்த மகன் வீட்டிற் பெற்றோர் வாழ்தல், மருமகள் பணிவிடை செய்தல் ஆகிய எல்லாம் அங்கும் மரபு. 1972-இல் ஆரியோசி சவாக்கோ என்னும் பெண்மணி, நினைவு கலங்கிய மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருமகளைப் பற்றிப் புதினம் ஒன்று எழுதினார். வேலைக்குப் போகும் பெண் அவள். பத்து நூறாயிரம் படிகளுக்கு மேல் அப் புதினம் விற்றது. வீட்டுக்குள் மூடிவைத்திருந்த ஒன்றை நாடே வாய்திறந்து பேசியது. (நம் எழுத்தாளர்க்கு இஃது ஏன் இன்னும் பொருளாகவில்லை என்று எனக்கு ஒரு குறை.)

மறு ஆண்டே, 1973-இல், 70 அகவை கடந்தார்க்கு மருத்துவச் செலவை அந்நாட்டரசு இலவயமாக்கியது. நல்லெண்ணத்தின் விளைவு எதிர்பாராததாயிற்று. வீட்டில் பார்க்க ஆளில்லை, மருத்துவமனையிற் செலவில்லை. எனவே, மருத்துவம் தேவையில்லாத முதியோரும் மருத்துவமனைக் கட்டில்களில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கலாயினர். குமுகத்தின் தேவைக்காக நடந்த அந்தச் சேர்க்கைக்கு அங்கே தனிப்பெயரே வழங்கியது. கட்டில் கிடைத்தது, செலவு ஏறியது, வாழ்வு கிடைக்கவில்லை. பேணுகைக்குரிய விடை மருத்துவமனையில் இல்லை என்று அந்நாட்டார் பட்டறிந்த இடம் இது.

பின்னர் அவர்கள் எடுத்த அடிகள் பொறுமையானவை. 1987-இல் பேணுகைப் பணியாளர்க்கு நாடளாவிய தேர்வும் தகுதிச் சான்றும் சட்டத்தால் ஏற்பட்டன. பேணுகை அன்றே தொழிலாயிற்று. 1989-இல், பத்தாண்டுக்குள் வீடுதேடிச் செல்லும் உதவியாளர் நூறாயிரம் பேரை அமர்த்துவது என்று திட்டமிட்டனர். ஆளும் பயிற்சியும் இவ்வாறு முதலில். காப்பீட்டுச் சட்டம் 1997-இல். நடைமுறை 2000 ஏப்பிரலில். அறிவிப்பை முதலில் வெளியிட்டு ஆளைப் பின்னர்த் தேடும் நம் வழக்கத்துக்கு இது நேர்மாறு.

அக்காப்பீடு நடக்கும் முறை இது: 40 அகவை கடந்த ஒவ்வொருவரும் சிறுதொகை செலுத்துகின்றனர். செலவிற் பாதி இத்தொகையிலிருந்தும் மறுபாதி வரிப்பணத்திலிருந்தும் வருகின்றது. அதனை நடத்துவது ஊர்தோறுமுள்ள நகராட்சியும் ஊராட்சியுமே. உதவி வேண்டுமென்று கேட்டால், ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்து எழுபதுக்கு மேற்பட்ட கேள்விகளால் ஆய்கின்றார். எழ முடிகின்றதா, விழுங்க முடிகின்றதா, தன் பெயர் நினைவிருக்கின்றதா என்பன போன்றவை. ‘மகன் இருக்கிறானா, அவன் வருமானம் என்ன’ என்பது உதவிக்கு அளவுகோல் அன்று. முதியவரின் தேவையே அளவுகோல். ஏழு நிலைகளில் ஒன்றில் அவரை வைத்து, அதற்கேற்ப உதவி வரையறுக்கின்றனர். குளிப்பாட்ட ஆள் வீட்டுக்கு வரும். பகற்பொழுதைக் கழிக்க ஊர்தி வந்து பகலகத்துக்கு அழைத்துச் செல்லும். வீட்டார் களைத்தபோது சிலநாள் தங்கவைத்துக்கொள்ளும் இல்லமும் உண்டு. செலவிற் பத்திலொரு பங்கைப் பயன்பெறுவோர் தருகின்றனர்; வருமானம் மிக்கார் இரண்டு மூன்று பங்கு தருகின்றனர்.

இதனிடையே எழுந்த ஒரு சொற்போர் நாம் கருதத் தக்கது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணமாகக் கொடுத்துவிடலாமே என்று ஒரு சாரார் கேட்டனர். 1995-இல் இத்தகைய காப்பீட்டைத் தொடங்கிய செருமனி அவ்வாறு கொடுக்கின்றது. வீட்டிற் பேணுவோரின் ஓய்வூதியக் கணக்கிலும் காப்பீட்டு நிறுவனமே பணம் கட்டுகின்றது. சப்பானில் பெண்டிர் அமைப்புகள் இதனை எதிர்த்தன. 1983-இல் இகுச்சி கெய்கோ முதலானோர் தொடங்கிய, முதியோர் குமுகத்தைச் செம்மைப்படுத்தும் மகளிர் சங்கம் அவற்றுள் ஒன்று. பணம் கொடுத்தால் அது குடும்பத்தலைவன் கைக்குப் போகும், உழைப்போ மருமகள் முதுகிலேயே தங்கும் என்பது அவர்கள் உரை. சப்பான் பணமாகக் கொடுக்கவில்லை, ஆளாகவே அனுப்பியது. நம் நாட்டுக்கு இவ்விரண்டில் எது ஏற்றது என்று கேட்டால், ஆளே முதலில் என்பேன். நம் வீடுகளை அறிந்தவர் எவரும் இதற்கு விளக்கம் கேட்கமாட்டார்.

சப்பானில் எல்லாம் நிறைவு என்று கொள்ளவேண்டா. பேணுகைப் பணியாளர்க்கு ஊதியம் குறைவாதலின் ஆள் கிடைப்பது அருமையாகிவிட்டது. பெற்றோரைப் பார்ப்பதற்காக வேலையை விட்டு விலகுவோர் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறாயிரம் பேர். கூலியைக் குறைத்தால் கை குறையும் என்னும் பாடத்தையும் அந்நாடே நமக்குக் காட்டுகின்றது.

அவ்வளவு செல்வம் நமக்கேது என்பார் உளர். அவர்கள் மலைத்தொடருக்கு அப்பால் எட்டிப் பார்க்கட்டும். கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவர் சிலரும் ஊராரும் கூடி, தீரா நோயால் துன்புறுவார்க்கு நோவு தணிக்கும் மருத்துவத்தைத் தொடங்கினர். பின்னர் அது மருத்துவமனையைவிட்டு வெளியேறி வீடுகளுக்குள் நடந்தது. பள்ளி மாணவர், கடைக்காரர், ஓய்வுபெற்றோர் எனப் பலரும் பயிற்சி பெற்றுத் தத்தம் தெருவிலுள்ள படுக்கையாளரைப் பார்க்கலாயினர். 2008-இல் கேரள அரசு அதனை அரசின் கொள்கையாக்கியது. உள்ளாட்சிகள் செவிலியரை அமர்த்தி வீடுவீடாக அனுப்புகின்றன. பெருஞ்செல்வம் கொண்டு செய்ததன்று அது.

தமிழ்நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் பிழை. மருத்துவர் வ.செ. நடராசன் அவர்களின் முயற்சியால் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே முதியோர் மருத்துவத்துக்குத் தனிப்பிரிவு தோன்றியது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்குப் பட்டமேற்படிப்பும் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோர்க்கான நாட்டு மருத்துவ நடுவம் 2024-இல் திறக்கப்பெற்றது. 2021 ஆகத்து 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் உரிய மருந்தை வீட்டுக்கே கொண்டுசெல்கின்றது. படுக்கையாளர்க்கு நோவுதணிப்பு மருத்துவமும் உடலியக்கப் பயிற்சியும் அதனுள் அடங்கும். நெடுநாட் பேணுகைக்கு வேண்டிய வாயில் இதனால் திறந்துவிட்டது. ஆனால், மருந்துப்பையோடு வரும் கை மாத்திரையைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். குளிப்பாட்டவும் புரட்டவும் இரண்டு மணி நேரம் உடனிருக்கவும் ஒரு கை இன்னும் வரவில்லை. வீடுவீடாகச் செல்லும் அப்பெண்களுக்கு இட்ட பெயரையும் பாருங்கள்: தன்னார்வலர். வேலை முழுவேலை, பெயரில் மட்டும் விருப்பத்தொண்டு. ஒரு சொல்லை நன்றாகத் தேர்ந்தெடுத்தால் ஊதிய உயர்வைப் பல்லாண்டு தள்ளிப்போடலாம்.

ஆகலின், யான் வேண்டுவது இதுவே. ஒவ்வோர் ஊராட்சியும், நகர்ப்புறத்தில் ஒவ்வொரு வட்டமும், தன் எல்லையிற் படுக்கையிற் கிடப்போர், நினைவு கலங்கியோர் பட்டியலை வைத்திருத்தல் வேண்டும். அப் பட்டியலுக்கேற்ற அளவிற் பயிற்சிபெற்ற பேணுநர் அமர்த்தப்பெறல் வேண்டும்; பெண்கள் மட்டுமல்லர், ஆண்களும். அவர்க்குத் தொகுப்பூதியமன்று, காலமுறை ஊதியமே வேண்டும். 1982 சூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோதும் ‘பணம் எங்கே?’ என்று கேட்டவர் பலர். பணம் வந்தது, பிள்ளைகள் உண்டனர், சமைத்துப் போட்டவர்கள் மட்டும் காலமுறை ஊதியம் கேட்டுப் பல்லாண்டு தெருவில் நின்றனர். அவ்விரண்டாம் பகுதி மீண்டும் நடத்தலாகாது. வட்டந்தோறும் சில கட்டில்களோடு ஓர் ஓய்வில்லம் அமைந்து, வீட்டிற் பேணுபவள் ஆண்டில் சில நாளேனும் இரவு முழுதும் உறங்கத்தக்கவாறு முதியவரை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். செலவுக்கு வழியில்லாமல் இல்லை. கட்டடத் தொழிலாளர் நலத்துக்கெனக் கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று பெறும் சட்டம் 1996-இலேயே வந்தது. ஒரு நோக்கத்துக்கென்றே பணம் திரட்டுதல் நமக்குப் புதிதன்று. இப்பொழுது செலவே இல்லை என்பதும் பொய். நாட்டின் கணக்கேட்டில் ஏறாமல், மருமகளின் முதுகிலிருந்தும் பேர்த்தியின் படிப்பிலிருந்தும் நாள்தோறும் அது வசூலாகிக்கொண்டிருக்கின்றது.

நம் இயக்க அன்பர்க்கு இதில் தனியே ஒரு பங்கு உண்டு. அது மொழி.

நினைவு கலங்குவோரிடம் பின்னாளிற் கற்ற மொழி முன்னே மங்கி, தாய்மடியிற் கேட்ட மொழி நெடுநாள் நிற்பதை, அயல்நாடுகளிற் குடியேறி முதுமையடைந்தோரிடம் பலரும் கண்டு குறித்துள்ளனர். ஐம்பதாண்டு ஆங்கிலத்திலேயே அலுவல் பார்த்தவரும் முடிவில் தமிழுக்கே திரும்புகின்றார். திரும்பி வரும்போது அவரை எதிர்கொள்வது என்ன? ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச்சீட்டு. ஆங்கிலத்தில் அச்சிட்ட மாத்திரை உறை. பெருநகரங்களில் முகவர்வழி வீட்டுப் பணிக்கு அமர்த்தப்பெறும் பெண்கள் சிலர் ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வருகின்றனர். பிழைப்புக்காகத் தாய்மண்ணைவிட்டு வந்த அவ்வேழைப் பெண்களை யான் குறைகூறேன். நம் வீட்டுப் படுக்கையைத் தூய்மை செய்யும் கை அது. ஆயினும், பாட்டி ‘வயிற்றைப் பிசைகிறது’ என்கிறாள். அப்பெண் கஞ்சி கொண்டுவருகின்றாள். குற்றம் இருவரிடமும் இல்லை. இருவரையும் மொழியின்றி ஓரறையில் வைத்த முறையிலே உள்ளது. 2008 முதல் இந்தோனேசியாவிலிருந்தும் பின்னர்ப் பிலிப்பைன்சு, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்தும் பேணுநரை வரவழைத்த சப்பான், அவர்களைத் தன் மொழி கற்கச் செய்து, தகுதித் தேர்வையும் அம்மொழியிலேயே எழுதச் செய்கின்றது. நோயர் மொழி அறியாதவர் பேணுநர் ஆகார் என்பது அங்கே தொழில்விதி.

மேலும் ஒன்று. நினைவுகலங்கு நோயைக் குறிக்க அந்நாட்டில் வழங்கிவந்த சொல் மடமை, அறிவின்மை என்னும் பொருள்பட நின்றது. அது முதியோரை இழிவுபடுத்துகின்றது என்று கண்டு, 2004-இல் அரசே குழு அமைத்து அச்சொல்லை நீக்கி, அறிதற்குறை என்னும் பொருளுடைய புதுச்சொல்லை ஆக்கியது. நம் தெருக்களில் ‘கிழத்துக்குக் கிறுக்கு’ என்று இன்றும் சொல்கின்றோம். ஈழத்தில் ‘அறளை பெயர்தல்’ என்றொரு வழக்குண்டு. சற்றே எள்ளல் கலந்ததாயினும், முதுமையில் நினைவு தடுமாறுவதற்கென்றே அமைந்த தனிச்சொல் அது. இத்தகைய சொற்களைத் தேடி எடுத்து மருத்துவ நூலில் ஏற்றுவதைவிட நமக்கு வேறென்ன வேலை?

நோவைச் சொல்லத் தமிழிலுள்ள சொற்களை எண்ணிப் பாருங்கள். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிவு, இசிவு, பிசைவு, மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல். மூட்டுக்குக் குடைச்சல், வயிற்றுக்குப் பிசைவு, புண்ணுக்குத் தெறிப்பு. ஒவ்வொன்றும் வேறு நோயை நோக்கி விரல்நீட்டும். தொடித்தலை விழுத்தண்டினாரின் புறப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், இயற்பெயர் மறைந்து ஊன்றுகோலாற் பெயர்பெற்ற அம்முதியவர் இருமலுக்கிடையே சொல்லும் சில சொற்களைப் பொறுமையாகக் கேட்க ஒருவர் அருகிருந்தார் என்பதே என் நெஞ்சில் நிற்கும். முதியவர் பேசுவது சில சொற்களே. அவற்றைப் பேணுநர் அறிந்திருத்தல் வேண்டும்.

பேணுநர் பயிற்சிக்கு எளிய தமிழில் ஒரு கையேடு எழுதத் தொடங்கியுள்ளேன். மருத்துவப் பகுதியைப் பார்வையிட மருத்துவ நண்பர் ஒருவர் இசைந்துள்ளார். சொற்பகுதிக்கு அன்பர்களின் உதவி வேண்டும். தத்தம் ஊரில் எழுபது அகவை கடந்தோர் உடல்நோவையும் தளர்ச்சியையும் நினைவு மயக்கத்தையும் குறிக்க வழங்கும் சொற்களை அவர்களிடமே கேட்டு, சொன்னவர் அகவை, ஊர், மாவட்டம் ஆகிய குறிப்போடு இதழ் முகவரிக்கு எழுதி விடுக்க. அகரமுதலியில் இருக்கின்றதா என்று பார்க்கவேண்டா. அவர்கள் வாயில் வந்தவாறே எழுதுக.